லாக் எழுதிய கை

பாய்மரக் கப்பலின் பின்கோடியில் மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவன் கயிறு சுற்றிய உருளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறான். இன்னொருவன் கையில் 28 விநாடி ஓடும் சிறிய மணல் கடிகாரம். மூன்றாமவர் அந்த வேளைக் காவலுக்குப் பொறுப்பான காவல் அதிகாரி. அவர் ஒரு மரத்துண்டைக் கடலில் எறிகிறார். தோசையை நாலாகப் பிட்டால் ஒரு துண்டு எப்படி இருக்குமோ அந்த வடிவம். வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பதால் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். மரத்துண்டு இருந்த இடத்திலேயே நிற்க, கப்பல் அதை விட்டு விலகிப் போகும். கயிறு உருளையிலிருந்து சரசரவென்று ஓடும். கப்பல் கலக்கிவிட்ட தண்ணீரைத் தாண்டும் வரைக்கும் முதல் பகுதிக் கயிறு கணக்கில் சேராது. அது முடியும் இடத்தில் ஒரு துணித்துண்டு கட்டியிருக்கும். அந்தத் துணி அதிகாரியின் கையைத் தொட்டதும் ஒரு குரல். மணல் கடிகாரம் கவிழும். கடைசி மணல் விழுந்ததும் இன்னொரு குரல், கயிறு இறுக்கப்படும். அதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்தது என்பதே கப்பலின் வேகம்.

அந்த மரத்துண்டின் பெயர் லாக். அந்த முடிச்சுதான் இன்றைக்கும் கப்பலின் வேகத்தையும் விமானத்தின் வேகத்தையும் சொல்லும் ‘நாட்’. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடைவெளி 47 அடி 3 அங்குலம். ஒரு மணி நேரத்தில் 28 விநாடி எத்தனையில் ஒரு பங்கோ, ஒரு கடல் மைலில் அந்த 47 அடி 3 அங்குலமும் அத்தனையில் ஒரு பங்கு. எட்டு முடிச்சு போனால் மணிக்கு எட்டுக் கடல் மைல். கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். நனைந்த கையோடு, ஆடும் பலகையில் நின்று, இருட்டிலும் செய்ய வேண்டிய வேலைக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யோசிக்க முடியாது. இங்கிலாந்தின் வில்லியம் போர்ன் கடலோடிகளுக்காக எழுதி 1574இல் வெளியிட்ட கையேட்டில் இந்த முறை முதன்முதலாக அச்சேறியது. அதன் பிறகு ஏறக்குறைய முந்நூறு வருடம் உலகத்தின் கப்பல் வணிகமும் கடற்போரும் இந்த மரத்துண்டை நம்பித்தான் நடந்தன.

மணிக்கு ஒருமுறை, சில கப்பல்களில் அரை மணிக்கு ஒருமுறை, இந்த எறிதல் நடக்கும். கிடைத்த எண்ணைச் சாக்கட்டியால் ஒரு கரும்பலகையில் எழுதுவார்கள். பக்கத்திலேயே கப்பல் போகும் திசை, காற்றின் திசை. நண்பகலில் பலகையில் இருப்பதெல்லாம் புத்தகத்துக்கு ஏறும். மரத்துண்டின் பெயரே பலகைக்கும் புத்தகத்துக்கும் ஒட்டிக்கொண்டது: லாக் பலகை, லாக் புத்தகம். 1872இல் ஆள் யாருமில்லாமல் அட்லாண்டிக்கில் மிதந்த மேரி செலஸ்ட் கப்பலை விசாரித்தவர்களுக்கு உதவியதும் இந்த இரண்டும்தான். புத்தகம் நவம்பர் 24ஆம் தேதியோடு நின்றிருந்தது. பலகையில் மட்டும் 25ஆம் தேதி காலைக் குறிப்பு இருந்தது. அதைப் புத்தகத்துக்கு மாற்ற யாரும் மிஞ்சவில்லை.

வேகம், திசை, நேரம் ஆகிய மூன்றையும் கூட்டினால் நேற்று நண்பகலிலிருந்து இன்று நண்பகலுக்குள் கப்பல் எங்கே வந்திருக்கிறது என்ற ஊகம் கிடைக்கும். வடக்கு-தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் பார்த்து ஓரளவு சரியாகச் சொல்ல முடிந்தது. கிழக்கு-மேற்குக்கு லாக் கயிறைத் தவிர வேறு கதியில்லை. 1707 அக்டோபர் 22 இரவில் அட்மிரல் கிளவுட்ஸ்லி ஷவலின் கடற்படை இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதியது. நான்கு கப்பல்கள் மூழ்கின. செத்தவர்கள் 1,400க்கும் 2,000க்கும் இடையில். தப்பி வந்த கப்பல்களின் லாக் புத்தகங்களைப் பிற்கால ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, கூடவே பயணம் செய்த கப்பல்கள் ஆளுக்கொரு இடத்தில் தாங்கள் இருப்பதாக எழுதியிருந்தது தெரிந்தது. 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீர்க்கரேகையைக் கண்டுபிடிப்பவருக்குப் பெரும் பரிசு அறிவித்ததும், தச்சர் ஜான் ஹாரிசன் கடலில் பிசகாமல் ஓடும் கடிகாரத்தைச் செய்ததும் அதற்குப் பிறகு நடந்தவை.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விவரம் உண்டு. முடிச்சுகளின் இடைவெளி முதலில் 42 அடிதான். கடிகாரம் 30 விநாடி. அந்த இடைவெளி தவறு என்று நிரூபித்தவர் ரிச்சர்ட் நார்வுட். 1633-35இல் அவர் லண்டனிலிருந்து யார்க் வரைக்கும் சங்கிலியாலும் காலடியாலும் தூரத்தை அளந்து, பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டு, முடிச்சுக்கு 50 அடி விட வேண்டும் என்று 1637இல் புத்தகம் போட்டார். கணக்கு சரி. ஆனாலும் மாலுமிகள் பலர் பழைய குட்டைக் கயிறை விடவில்லை. பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. இடைவெளி குறைந்தால் முடிச்சு அதிகமாக எண்ணப்படும். கப்பல் உண்மையில் இருக்கும் இடத்தைவிடக் கணக்கில் முன்னால் போயிருக்கும். கரை வருவதற்கு ஒரு நாள் முன்பே கரை வந்துவிட்டது என்று நினைத்துப் பாயைச் சுருக்கி, ஆழம் பார்த்து, விழித்திருப்பார்கள். பிந்திக் கணக்குச் சொல்லும் சரியான கயிறைவிட முந்திக் கணக்குச் சொல்லும் தவறான கயிறு உயிரைக் காக்கும் என்று அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். கருவியின் குறையைத் தெரிந்துகொண்டு, அந்தக் குறையையே பாதுகாப்பாக வைத்துக்கொண்ட மனிதர்கள் அவர்கள்.

கருவியே இல்லாமலும் லாக் நடந்திருக்கிறது. 1789 ஏப்ரல் 28இல் பவுண்டி கப்பலில் கலகம் செய்தவர்கள் கேப்டன் வில்லியம் பிளையையும் 18 பேரையும் 23 அடிப் படகில் இறக்கிவிட்டார்கள். நடுப் பசிபிக்கில், கழுத்தளவு நிறைந்த படகில், பிளை முதலில் செய்த காரியங்களில் ஒன்று ஒரு லாக் கயிறு தயாரித்தது. மணல் கடிகாரம் கிடையாது. ஆட்கள் வாயால் விநாடி எண்ணிப் பழகிக்கொண்டார்கள். வழியில் டோஃபுவா தீவில் ஒருவர் கொல்லப்பட்டார். எஞ்சியவர்கள் 3,600 கடல் மைலுக்கும் மேல் கடந்து ஜூன் 14இல் திமோரின் கூபாங் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். மழையிலும் அலையிலும் அவர் எழுதி வந்த சிறு குறிப்பேடு இன்று ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. பசியில் கை நடுங்கிய நாட்களிலும் தேதி தவறாமல் எழுதியிருக்கிறார். லாக் என்ற வழக்கம் ஒரு மாலுமிக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

அந்த ஆழத்துக்கு ஒழுங்கும் ஒரு காரணம். கப்பல் லாக் புத்தகத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. பிழை நேர்ந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, அடித்தது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துச் சுருக்கம் போட வேண்டும். இன்றைக்கும் கடல்சார் கல்லூரிகளில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். நான்கு மணி நேரக் காவல் முடிந்ததும் அதிகாரி எழுதிக் கையொப்பமிடுவார். அடுத்தவர் அதைப் படித்துவிட்டுத்தான் பொறுப்பேற்பார். எழுதியவரின் பெயர் எழுத்தோடு இருக்கிறது. அவர் கண்ணால் பார்த்தார், அதற்கு அவர் பொறுப்பு. கப்பல் மோதினால், சரக்கு நனைந்தால், ஆள் விழுந்தால், நீதிமன்றம் முதலில் கேட்பது இந்தப் புத்தகத்தை.

தனித்தனிக் கைகள் எழுதியதைச் சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரியும் என்று முதலில் உணர்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ மோரி. 1839இல் குதிரை வண்டி விபத்தில் கால் முறிந்து, கப்பலேற முடியாத நிலைமை. 1842இல் வரைபடங்களையும் கருவிகளையும் வைத்திருக்கும் கிடங்குக்கு அவரைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அங்கே பழைய லாக் புத்தகங்கள் குவிந்து கிடந்தன. எந்தக் கடலில், எந்த மாதத்தில், எந்தத் திசைக் காற்று என்று அவரும் உதவியாளர்களும் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தார்கள். 1847 முதல் காற்று, நீரோட்ட வரைபடங்கள் வெளிவந்தன. அவற்றைப் பின்பற்றிய கப்பல்கள் நீண்ட பயணங்களில் வாரக்கணக்கில் மிச்சம் பிடித்தன. தன் பயணத்தின் லாக் விவரத்தைக் குறிப்பிட்ட படிவத்தில் எழுதித் தரும் கேப்டனுக்கு வரைபடம் இலவசம் என்று மோரி ஏற்பாடு செய்தார். 1853இல் பிரஸ்ஸல்ஸில் கடல் நாடுகள் கூடி, எல்லாக் கப்பல்களும் ஒரே முறையில் வானிலை எழுதுவது என்று ஒப்புக்கொண்டன.

பிரிட்டிஷ் கப்பல்களில் அதற்கு முன்பே கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பூஃபோர்ட் 1806இல் தன் குறிப்பேட்டில் காற்றின் வலிமையை எண்களாகப் பிரித்து வைத்திருந்தார். காற்றை அவர் அளந்தது பாயைக் கொண்டு: எவ்வளவு பாயை விரித்து வைக்கக் கப்பலால் முடிகிறது, எதைச் சுருக்க வேண்டியிருக்கிறது, எந்தப் பாயும் தாங்காத நிலை எது. 1838இல் அந்த அளவுகோல் கடற்படை லாக் புத்தகங்களுக்குக் கட்டாயமானது. நம் வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பரிச்சயமான ‘பலத்த காற்று’, ‘கடும் புயல்’ போன்ற படிநிலைகளுக்குப் பின்னால் ஒரு கப்பல்காரரின் லாக் பழக்கம் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பிய கப்பல்களின் லாக் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் 1789க்கும் 1834க்கும் இடைப்பட்ட சுமார் 900 புத்தகங்களைப் பிரிட்டிஷ் வானிலைத் துறை ஆய்வாளர்கள் எண்மமாக்கினார்கள். வெப்பநிலை, காற்றழுத்தம், காற்று என்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அவற்றிலிருந்து கிடைத்தன. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வராமல் போன காலம் அது. அந்த வெடிப்புக்கு முன்னும் பின்னும் கடல் எவ்வளவு குளிர்ந்தது என்று கேட்டால், பதில் சொல்லக்கூடிய நேரடிச் சாட்சிகள் மிகச் சிலவே. அவற்றில் இந்த லாக் புத்தகங்களும் உண்டு.

சென்னைக்கு வந்த கப்பல்களும் அவற்றில் அடக்கம். அப்போது மெட்ராசுக்குத் துறைமுகம் கிடையாது. கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரமிட்டு, மசூலாப் படகுகள் அலையைக் கிழித்து வந்து ஆளையும் மூட்டையையும் இறக்கும் வரை காத்துக் கிடக்க வேண்டும். வடகிழக்குப் பருவம் தொடங்கும் அக்டோபரில் அந்த இடத்தில் நிற்பது ஆபத்து. கப்பல்கள் விலகிப் போயின. அங்கே நின்ற ஒவ்வொரு நாளும் கேப்டனுக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே உயிர்க் கவலை. அந்தக் கவலைதான் இன்றைய அறிவியலுக்குத் தரவு. மெட்ராஸ் கடலில் மேகம் எப்படி இருந்தது என்று எழுதியவர், 200 வருடம் கழித்து யாரோ பருவநிலை மாற்றத்தை அளக்க அதைப் படிப்பார் என்று நினைத்திருக்க முடியாது. அவர் நினைத்தது அன்றைய இரவு நங்கூரச் சங்கிலி தாங்குமா என்பதை. ஆனாலும் உண்மையை எழுதினார். அந்த உண்மை காத்திருந்தது.

2010இல் தொடங்கிய ‘ஓல்ட் வெதர்’ திட்டத்தில் முதல் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் லாக் பக்கங்களை இணையத்தில் போட்டு, பொதுமக்களையே படித்துத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். வெப்பநிலை எண்களுக்காகத் தொடங்கிய வேலை. தன்னார்வலர்கள் எண்களோடு நிற்கவில்லை. யாருக்குக் காய்ச்சல், எந்தக் கப்பலில் யாரைக் கடலில் அடக்கம் செய்தார்கள், எங்கே பனிக்கட்டி தெரிந்தது என்று ஓரத்தில் இருந்த வரிகளையும் சேர்த்து எழுதினார்கள். எண் கேட்டு வந்தவர்களுக்கு மனிதர்கள் கிடைத்தார்கள்.

மரத்துண்டின் கதை 1802இல் முடியத் தொடங்கியது. அந்த வருடம் எட்வர்ட் மாசி என்பவர் கப்பலின் பின்னால் இழுபட்டுச் சுழலும் ஒரு கருவியைக் காப்புரிமை செய்தார். தாமஸ் வாக்கரின் நிறுவனம் அதை வளர்த்தெடுத்தது. 1880களில் சுழலி மட்டும் தண்ணீரில், கடிகார முகம் கப்பலின் கைப்பிடிச் சுவரில் என்று ஆனது. எண்ண ஆள் வேண்டாம். முள்ளைப் பார்த்தால் போதும். பளபளத்துச் சுழலும் உலோகத்தைச் சுறா கடித்துக்கொண்டு போன சம்பவங்களும் உண்டு. பிறகு நீரழுத்தத்தை அளக்கும் குழாய், மின்காந்தக் கருவி, ஒலியை அனுப்பித் திரும்பப் பெறும் டாப்ளர் கருவி. 1995இல் ஜி.பி.எஸ். முழுமையாக இயங்கத் தொடங்கியது. சாதாரண வணிகக் கப்பலுக்கும் தான் எங்கே இருக்கிறது என்பதைக் கயிறு போட்டு ஊகிக்கும் தேவை இல்லாமல் போனது.

ஆனாலும் லாக் கருவி ஒழியவில்லை. ஜி.பி.எஸ். சொல்வது தரையைப் பொறுத்த வேகம். நீரோட்டம் எதிர்த்தால், கப்பல் தண்ணீரைக் கிழித்துப் போகும் வேகம் வேறு, பூமியின் மேல் நகரும் வேகம் வேறு. எஞ்சினின் உழைப்பையும் மோதலைத் தவிர்க்கும் கணக்கையும் தண்ணீரைப் பொறுத்த வேகம்தான் காட்டும். அதனால் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் தண்ணீரைப் பொறுத்த வேகத்தை அளக்கும் கருவி இருந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி இன்றைக்கும் சொல்கிறது. கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் அதற்குப் பெயர் இன்றும் ஸ்பீட் லாக்.

அதே பிரிட்ஜில் இன்று எத்தனை லாக்! டெக் லாக், எஞ்சின் லாக், எண்ணெய்க் கழிவுக்கு ஒன்று, குப்பைக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று. நண்பகல் கணக்கு மின்னஞ்சலில் முதலாளிக்குப் போகிறது. இவை தவிர, கப்பல் தானாகவே தன் அடையாளம், இடம், வேகம், திசையைச் சில விநாடிக்கு ஒருமுறை காற்றில் சொல்லிக்கொண்டிருக்கும் ஏ.ஐ.எஸ். 2004 முடிவுக்குள் சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அது கட்டாயமாகிவிட்டது. தூத்துக்குடியில் இருக்கும் ஒரு தாய், மகன் வேலை பார்க்கும் கப்பல் இப்போது சூயஸில் நிற்கிறதா, மலாக்காவில் போகிறதா என்று கைப்பேசியில் பார்க்கலாம். முன்பெல்லாம் கடிதம் வரும் வரை ஒன்றும் தெரியாமல் இருந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கடலுக்கு ஆள் அனுப்பிய வீடுகளைக் கேட்டால் தெரியும்.

2002இலிருந்து இன்னொன்று வந்தது: பயணத் தரவுப் பதிவுக் கருவி, விமானத்தின் கருப்புப் பெட்டிக்குக் கப்பல் உறவு. 2014க்குப் பிறகு பொருத்துபவை விபத்துக்குப் பிறகு மீட்கக்கூடிய உறைகளில் 48 மணி நேரத்தையும், கப்பலுக்குள் 30 நாளையும் வைத்திருக்கும். ரேடார் படம், வேகம், திசை மட்டுமின்றி பிரிட்ஜில் பேசும் பேச்சையும் பதிவு செய்யும். அதன் அருமையையும் கொடுமையையும் ஒருசேரக் காட்டியது எல் ஃபாரோ. 2015 செப்டம்பர் 29இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து போர்ட்டோ ரிக்கோவுக்குப் புறப்பட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல் அது. அக்டோபர் 1 காலையில் ஹோவாகின் சூறாவளிக்குள் மூழ்கியது. கப்பலில் இருந்த 33 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சுமார் 4,600 மீட்டர் ஆழத்திலிருந்து பதிவுக் கருவியை அடுத்த ஆகஸ்டில் மீட்டார்கள். அதில் 26 மணி நேரப் பேச்சு இருந்தது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதை எழுத்தாக்கியபோது ஐந்நூறு பக்கம் வந்தது. புயல் நெருங்குவதைக் கவனித்து, இரவுக் காவலில் இருந்த இளநிலை அதிகாரிகள் அறையில் இருந்த கேப்டனைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். தெற்கே திரும்பலாம் என்று யோசனை சொல்கிறார்கள். கேப்டன் நம்பியிருந்த புயல் வரைபடம் பல மணி நேரம் பழையது. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி சரியாக வேலை செய்யவில்லை. காற்றைப் பாயை வைத்து மதிப்பிட்ட பூஃபோர்டின் தலைமுறையிடம் இருந்த கண், திரையை நம்பிய தலைமுறையிடம் மழுங்கிவிட்டதா? அப்படிச் சொன்னால் அந்த இளநிலை அதிகாரிகளுக்கு அநியாயம். அவர்கள் பார்த்தார்கள், சொன்னார்கள். கை எழுதும் லாக்கில் இந்தத் தயங்கிய குரல்கள் ஏறியிருக்காது. கேப்டனின் முடிவு மட்டும் ஏறியிருக்கும். இயந்திரம் எழுதியதால்தான் அவர்களுடைய எச்சரிக்கை உலகத்துக்குக் கேட்டது. இதற்காக அந்தக் கருவிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கை எழுதும்போது பொய்யும் எழுதும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கப்பலின் எண்ணெய்க் கழிவைச் சுத்திகரிக்காமல் ரகசியக் குழாய் வழியாகக் கடலில் விட்டுவிட்டு, லாக்கில் எல்லாம் ஒழுங்கு என்று எழுதும் பழக்கம் உண்டு; அந்தக் குழாய்க்கு மாலுமிகள் மத்தியில் ‘மேஜிக் பைப்’ என்று பெயர். 2013இல் கரீபியன் பிரின்சஸ் என்ற சொகுசுக் கப்பலில் புதிதாகச் சேர்ந்த ஓர் எஞ்சினியர் இதைக் கண்டு பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். 2016 டிசம்பரில் அந்தக் கப்பலின் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. வேறு பல வழக்குகளில், அமெரிக்கத் துறைமுகத்துக்குள் வந்த கப்பலில் பொய்யான எண்ணெய்ப் பதிவேடு இருந்ததே தனிக் குற்றமாகி எஞ்சினியர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். கடலில் கொட்டியதற்குச் சாட்சி கிடைக்காமல் போகலாம். பொய் எழுதிய கையெழுத்துக்குச் சாட்சி வேறு தேவையில்லை.

கரையிலும் லாக் இறங்கி வெகுகாலம் ஆகிறது. நம்மூரில் தாசில்தார் ஜீப்பின் ஓட்டுநர் எழுதுவது லாக் புக். துணை மின்நிலையத்தில் மணிக்கு மணி மின்னழுத்தம் எழுதுவது லாக் ஷீட். விமானியின் தகுதியே அவர் லாக் புத்தகத்தில் ஏறிய மணி நேரம்தான். கணினிக்குள் லாக் நுழைந்ததும் கடற்படை வழியாகவே என்று சொல்லலாம். அமெரிக்கக் கடற்படைக்காக ஹார்வர்டில் கட்டிய மார்க் 2 கணினியின் பணியாளர்கள் 1947 செப்டம்பர் 9இல் ஒரு ரிலேயில் சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்து லாக் புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் குறிப்பு எழுதினார்கள். அந்தப் பக்கம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பூச்சியோடு இருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் ஏற்பாடு வந்தபோது, யார் எத்தனை நேரம் எடுத்துக்கொண்டார் என்று கணக்கு வைக்க வேண்டியிருந்தது. உள்ளே வருகிறவர் தன் பெயரைப் பதிய வேண்டும். அந்தக் கட்டளைதான் லாகின். 1969 அக்டோபர் 29 இரவு 10:30க்கு லாஸ் ஏஞ்சல்ஸில் மாணவர் சார்லி கிளைன், 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக்கூடத்தின் கணினிக்கு ‘லாகின்’ என்று எழுத்தெழுத்தாக அனுப்பினார். எல் போனது, ஓ போனது, ஜி அனுப்பும்போது எதிர்முனைக் கணினி முடங்கியது. இணையத்தின் முன்னோடி வலையில் போன முதல் செய்தி அந்த இரண்டு எழுத்து. இது நடந்ததற்கு ஆவணம் எது தெரியுமா? ஆய்வகத்தில் பேனாவால் நேரம் போட்டு எழுதிய ஒரு லாக் தாள்.

இங்கேதான் லாக்கின் திசை மாறுகிறது என்று நான் நினைக்கிறேன். பிளை தன்னைப் பற்றித் தானே எழுதினார். காவல் அதிகாரி தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாகின் செய்யும் நாம் எதையும் எழுதுவதில்லை. நம்மைப் பற்றி எழுதப்படுகிறது. எத்தனை மணிக்கு உள்ளே வந்தோம், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றோம், எதை அழித்தோம் என்பதெல்லாம் நாம் திறந்து பார்க்க முடியாத கோப்பில் ஏறுகிறது. 2022 ஏப்ரலில் இந்தியாவின் கணினி அவசர நடவடிக்கைக் குழு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2023 ஏப்ரல் 1இலிருந்து கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும் என்பது விதி. கோயம்புத்தூரிலும் சிவகாசியிலும் ஆடிட்டர் அலுவலகங்களில் ‘எடிட் லாக் பார்த்தீங்களா சார்?’ என்பது சாதாரணக் கேள்வி. அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும் என்ற கப்பல் விதியின் வாரிசுதான் அது. திருடனைப் பிடிக்கவும் மோசடியைத் தடுக்கவும் தேவையான ஏற்பாடு. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் பழைய லாக்கில் எழுதியவருக்கு ஒரு மரியாதை இருந்தது. அவர் சாட்சி. இந்த லாக்கில் நமக்கு அந்த இடம் இல்லை. நாம் வெறும் விவரம்.

கப்பலிலும் அதே திசைதான். 2020 அக்டோபர் 1இலிருந்து கடல் மாசு தொடர்பான பதிவேடுகளை மின்னணு வடிவில் வைக்கச் சர்வதேச விதி அனுமதிக்கிறது. டெக் லாக்கையும் பல நிறுவனங்கள் திரைக்கு மாற்றி வருகின்றன. இடம், வேகம், திசை, காற்று எல்லாம் உணர்கருவிகளிலிருந்து தாமாகவே நிரம்பும். அதிகாரி சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டியதுதான். தூக்கம் கெட்டு, ஆறு பேரின் வேலையை மூன்று பேர் பார்க்கும் இன்றைய கப்பல்களில் எழுத்து வேலை குறைவது நல்லதே. கையால் எழுதியே தீர வேண்டும் என்று கரையில் உட்கார்ந்து நான் சொல்வது நியாயமாகாது.

என் கவலை ‘குறிப்புகள்’ என்று தலைப்பிட்ட கடைசிப் பத்தியைப் பற்றியது. உணர்கருவி நிரப்ப முடியாத இடம் அது ஒன்றுதான். கடலின் நிறம் மாறியிருக்கிறது, இந்தப் பருவத்தில் வராத பறவைக் கூட்டம் தெரிந்தது, மீன்பிடிப் படகுகள் விளக்கில்லாமல் நிற்கின்றன, ஒரு மாலுமிக்கு உடம்பு சரியில்லை என்று காவல் முடிந்தவர் எழுதும் இரண்டு வரி. ஓல்ட் வெதர் தன்னார்வலர்களை உட்கார வைத்தவை இந்த வரிகள். பதிவுக் கருவி 30 நாளில் தன் மேல் தானே எழுதிக்கொள்ளும்; விபத்து நடக்காத நாளின் பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் புத்தகங்களிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்ததெல்லாம் பெரும்பாலும் விபத்து நடக்காத நாட்களைத்தான். மென்பொருள் எழுதுகிறவர்கள் அந்தப் பத்தியைக் கட்டாயமாக்க வேண்டும். சொடுக்கித் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக அதை ஆக்கிவிடாமல், எழுதுபவரின் பெயரோடும் நேரத்தோடும், அவர் சொல்ல விரும்பிய அளவுக்கு நீளவும் விட வேண்டும்.